முந்நூற்று நாற்பது கிராம்

கட்டபெட்டில் மூடுபனி
கேட்காமல் உள்ளே வரும்.
ஷட்டரை இறக்கினாலும்
தகரத்தின் ஆணி ஓட்டையில் நுழைந்து
அச்சின் வாயில் உட்கார்ந்துகொள்ளும்.

கோவையில் படித்தது இங்கே பாதிதான் செல்லும்.
அங்கே வெயில் காயவைத்த அச்சை
இங்கே கேஸ் அடுப்பில் வறுக்கிறோம்,
இரண்டு மணி நேரம்.

தேயிலை வெட்டும் மெஷினுக்கு ஒரு கூடு.
அலுமினியத்தில் ஒரு கிலோவும் கொஞ்சமும்.
மெக்னீசியக் கலவையில்
முந்நூற்று நாற்பது கிராம் குறையும்
என்பது கணக்கு.

உருகிய பிறகு அதை நம்ப முடியாது.
காற்றுப் பட்ட இடமெல்லாம் கறுத்து,
காலிஃபிளவர் போலப் பூக்கும்.
ஜோகி முகத்தைத் திருப்பிக்கொண்டு
கந்தகப் பொடி தூவுவான்.
மெல்லிய சுவரில் பாதி தூரம் ஓடி
உறைந்துபோகும்.
இரண்டு பக்கமிருந்தும் வந்த உலோகம்
சந்தித்தும் சேராமல் நின்ற கோடு,
மயிரிழை அளவு.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.
பதினேழு கூடு திரும்பவும் உலைக்கு.

பதினெட்டாவது, லேத்தில்.
டூல் மழுங்கியிருந்தது தெரியும்.
கடைசி பஸ் ஏழே முக்காலுக்கு.
மாற்றவில்லை. நான்தான்.

முதலில் ஒரு சுருள் மினுங்கியது.
பிறகு தட்டு முழுக்க வெள்ளை.
பார்க்க முடியாத வெள்ளை.
புதுப் பையன் ரிச்சர்ட் தண்ணீர் வாளியைத் தூக்கினான்.
நான் போட்ட கத்தலில்
வாளியோடு அவனே விழுந்தான்,
நல்லவேளை, வாசல் பக்கம்.
மணலில் கை வைத்தேன்: ஈரம்.
பனி அதையும் விட்டுவைக்கவில்லை.

ஜோகிதான் ஓடினான்,
உலையோரம் காய்ந்து கிடந்த
வார்ப்பிரும்புத் தூள் டின்னுக்கு.
இரண்டு டின் கனம்
அந்த லேசின் மேல் விழுந்தது.
உள்ளே இன்னும் எரிந்தது,
சத்தமில்லாமல், வெகுநேரம்.
பஸ் போயிருந்தது.

இருபத்து மூன்றாவது கூடு தேறியது.

கோடநாடு பக்கச் சரிவில்
இன்பவள்ளி அதைத் தூக்கி
இரண்டு வரிசை வெட்டிவிட்டு
இறக்கி வைத்தார்.
"லேசுதான் தம்பி.
முன்னே கனமே ஆட்டத்தைப் பிடிச்சுக்கும்.
இப்ப அது எனக்குள்ள வருது."

டீ டம்ளரை வாங்கிக்கொண்டார்.
விளிம்பு வரை நடுக்கம்,
ஒரு சொட்டுக் கூடச் சிந்தாமல் குடித்தார்.
பழக்கம்.

கைப்பிடிக்கு ரப்பர் புஷ் போட்டால்
அறுபது கிராம் ஏறும்.
நோட்டில் எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.