பந்தம்

முதலில் கண்டது எச்சத்தைத்தான்.
சீமெந்துத் தரையில் மிளகு கொட்டியதுபோல.
எலி என்று நினைத்துப் பொறி வைத்தேன்.
மூன்றாம் நாள்
கொடியில் காய்ந்த பள்ளிச் சட்டையைப் போட்ட மகளுக்குக்
கழுத்து முழுக்கத் தடிப்பு.
கலமைன் பூசிக்கொண்டே அண்ணாந்து பார்த்தால்
முருங்கைக்கு இலையே இல்லை.
ஈர்க்கு மட்டும்.

அடிமரத்தில், என் நெஞ்சளவு உயரத்தில்,
ஒரு கம்பளம்.
மயிர்க்கொட்டிகள்.
பகலில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்து உறங்குகின்றன,
இரவில் ஏறித் தின்கின்றன.
நானும் இரவு வேலைக்காரன்தான்.
துறைமுகத்தில் கொள்கலன் எண்ணுகிறவன்.
பழக்கதோஷத்தில் இவற்றையும் எண்ணத் தொடங்கி
இருநூற்றுப் பன்னிரண்டில் விட்டேன்.

யோசனைக்குப் பஞ்சமில்லை.
வீட்டுக்காரர் ஸ்காபரோவிலிருந்து:
"வெட்டிப் போடும். பிறகென்ன."
ஹாட்வெயார் கடைப் பளீல் நானா
லாச்சிக்குள்ளிருந்து சின்னப் போத்தல் ஒன்றை எடுத்து
பெயரைப் பெருவிரலால் மறைத்துப் பிடித்தபடி:
"அடிச்சா பதினாலு நாளைக்கி எல பறிக்க ஏலா தம்பி."
பதினாலு நாளா?
ஒழுங்கையில் பாதி வீட்டுக்கு
இந்த மரம்தான் கடன் கொடுக்கிறது.
பின்வீட்டுச் சந்திராணி கேட்பதுகூட இல்லை,
மதிலுக்கு மேலால் கொக்கத்தடிதான் வரும்.

சாம்பல் தூவிப் பார்த்தேன்.
காஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது,
கோயில் மடப்பள்ளி வரை போய்
ஒரு பால்மாப் பேணி நிறைய வாங்கி வந்தேன்.
அவை தும்மக்கூட இல்லை.

பிறகு யாரோ சொன்னார்கள், பந்தம் பிடி என்று.
சனிக்கிழமை. வேலை இல்லாத இரவு. மழை விட்டிருந்தது.
பழைய சாரமொன்றைக் கிழித்துத்
தும்புத்தடி முனையில் சுற்றி
மண்ணெண்ணெயில் தோய்த்தேன்.
கூட்டம் கலைந்து மேலே ஏற முன்
முடித்துவிட வேண்டும்.
கடற்கரை ரயிலின் சத்தம் தேயும்வரை நின்று
தீக்குச்சியைக் கிழித்தேன்.
குப்பென்று பற்றியது.
மதில் சிவந்தது.
திரும்பினால் என் நிழல்
மேல்மாடிச் சுவர்வரை வளர்ந்து நின்றது,
கையில் ஒரு தடியோடு.

அப்போது மேலே ஒரு ஜன்னல் சாத்தப்பட்டது.
பிறகு அடுத்தது.
கொண்டி விழுகிற சத்தம்.
மற்றது.
குளியலறையின் சின்ன ஜன்னல்கூட.
ஏழு.
லைற்றுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

மேலே ஞானேஸ்வரி அக்கா தனியே இருக்கிறார்.
பாமசியில் கணக்கெழுதுகிறவர்.
கிரிக்கெட் பார்த்தால் அம்பயரைத் திட்டுவது
எங்கள் குசினிக்குக் கேட்கும்.
நாற்பது வருசத்துக்கு மேலாக இதே ஒழுங்கை,
நடுவில் ஒரு மூன்று மாதம் தவிர.
அந்த மூன்று மாதத்தை அவர் சொன்னதில்லை,
நான் கேட்டதில்லை.
நான் பிறக்க முந்தின ஆடி.
இதுவும் ஆடி என்பது
அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாளித் தண்ணீரில் பந்தத்தை அமுக்கினேன்.
சீறியது.
மயிர்க்கொட்டிகள் எல்லாம் ஒரேயடியாகத்
தலையை வெட்டி அசைத்துவிட்டு
மேலே ஏறத் தொடங்கின.
"அக்கா, நான்தான்" என்று கூப்பிட வாயெடுத்தேன்.
அந்த இருட்டில்
"நான்தான்" என்றால் யார்?

காலையில் படியிறங்கி வந்தார்.
கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே போத்தலில் வெள்ளையாய் ஏதோ,
கைகளில் முழங்கை வரைக்கும் சொப்பிங் பை.
"சவர்க்காரத் தண்ணி, கொஞ்சம் வேப்பெண்ணெய்.
நித்திரை கொள்ளேக்க அடிக்கவேணும்."
வேறொன்றும் சொல்லவில்லை.
அவர் அடிக்க, நான் ஈர்க்குமாற்றால் தட்ட,
மதிலுக்கப்பால் "அனே பவ்" என்று இரங்கிக்கொண்டே
சந்திராணி இன்னொரு வாளியை நீட்டினாள்.

பாதி செத்தன. பாதி எங்கே போயினவோ.
என் கை இரண்டு நாள் கடித்தது.
இலை இன்னும் வரவில்லை,
நுனியில் ஒரு பச்சைப் புள்ளி
இருப்பதாக மகள் சொல்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

நேற்று வேலைக்குப் போகையில் அண்ணாந்து பார்த்தேன்.
ஆறு ஜன்னல்கள் சாத்தியிருந்தன.
குளியலறையினது திறந்திருந்தது.