பத்தொன்பது நொடிகள்

டண்டீ நகரின் மூன்றாம் மாடியில்
மழைக்கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள்
முழங்கால் இடிக்க உட்கார்ந்துதான் பேசுவார்கள்
மோராகும் இன்னிஸும்.
கம்பளி எதிரொலியைத் தின்னும் என்று
யாரோ சொன்னார்கள். தின்னத்தான் செய்தது.
டே நதிப் பாலத்தில் ரயில் போகும்போதெல்லாம்
பாதி வாக்கியத்தைப் பல்லில் கடித்தபடி
காத்திருப்பார்கள்.

என் வேலை வெட்டுவது.
இருமல், நாற்காலி முனகல்,
இன்னிஸ் பிஸ்கட் கடிக்கிற சத்தம்,
வந்து, வந்து, என்கிற இழுவைகள்.
இருநூற்றுப் பதினோரு வாரமாக
இருவர் மூச்சையும் கழுவிக் காயப்போடுகிறேன்.
சம்பளம் கிடையாது. கேட்டதும் கிடையாது.

பேசுவது ஒன்றைப் பற்றித்தான்:
‘ஒன்பதாம் துறைமுகம்’.
நாங்கள் பிறக்கும் முன்பே நின்றுபோன தொடர்.
அட்டையில் செய்த விண்வெளி நிலையம்;
கதவைச் சாத்தினால் சுவரும் சேர்ந்து ஆடும்.
வேற்றுக்கோள் அரசனின் தலையில் இருப்பது
கவிழ்த்த வடிகட்டி என்று
கண்டுபிடித்ததே நாங்கள்தான்,
எழுபதாவது வாரத்தில்.

ஆனாலும்
இரண்டாம் பருவத்தின் கடைசியில்,
எரியும் கலத்துக்குள் இருந்தபடியே தாழிட்டுக்கொண்டு
மாலுமி இல்வாரா நிமிர்ந்து பார்த்து
‘விளக்கை அணைக்காதீர்கள், வந்துவிடுவேன்’
என்று சொல்கிற இடம் இருக்கிறதே,
நாற்பது தடவை பார்த்தாலும் தொண்டை அடைக்கும்.
இன்னிஸ் அதை முன்கையில்
பச்சை குத்தியிருக்கிறான்.

அந்த ஒரு சாவுக்குப் பன்னிரண்டு வாரம் கொடுத்தோம்.
தியாகம் என்றாள் மோராக்.
கலம் என்பது கருப்பை என்றார்
அபர்டீனிலிருந்து வந்த விருந்தாளி.
தொடரைப் படைத்தவர் போரில் தம்பியை இழந்தவர்,
அந்தத் துக்கம்தான் இது என்றான் இன்னிஸ்,
குரல் உடைய.
(உடைந்த குரலை நான் வெட்டவில்லை.
கேட்டவர்கள் நிறையப் பேர் கடிதம் எழுதினார்கள்.)

பிறகுதான் ஹெஸ்டர் குவில் கிடைத்தார்.
கார்லைல் ஊரில், தொலைபேசியில்,
பின்னால் ஒரு சின்னக் கிளியின் கீச்சோடு.
தொடருக்குத் தட்டச்சு செய்தவர்.
பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் வராது,
எந்த வாரமும் வந்ததில்லை.

‘தியாகமா?’ என்றார்.
‘வியாழக்கிழமை அந்தப் பெண் அலுவலகத்துக்கு வந்து
ஆண்களுக்குத் தருகிற அதே தொகையைக் கேட்டாள்.
வெள்ளி மத்தியானம்
நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து
புதிதாய் அடி என்றார்கள். அடித்தேன்.
கார்பன் வைத்து மூன்று பிரதி.
மூன்றாவதில் அவள் சாவு
சரியாக விழவேயில்லை, பாவம்.’

கிளி ஏதோ சொன்னது. அதை அதட்டினார்.

‘விளக்கு, வந்துவிடுவேன், அதெல்லாம்
நான் அடித்த தாளில் இல்லை.
படப்பிடிப்பில் அவளாகச் சொன்னாள்.
நிமிர்ந்து பார்த்தாளே, யாரை என்று நினைத்தீர்கள்?
மேலே கண்ணாடி அறைக்குள்
உட்கார்ந்திருந்தார்களே, அவர்களை.
மறுபடி எடுக்கப் பணம் இல்லை,
அப்படியே விட்டுவிட்டார்கள்.’

அதன் பிறகு யாரும் பேசவில்லை.

என் மென்பொருளுக்கு மௌனம் பிடிக்காது.
இரண்டு நொடிக்கு மேல் நீண்டால்
தானாகவே நறுக்கித் தைத்துவிடும்.
கேட்டுப் பார்த்தேன்:
தியாகம் பற்றிய பேச்சு முடிந்ததுமே
‘மிக்க நன்றி ஹெஸ்டர்’ என்கிறாள் மோராக்,
காபி கடைக்காரி மாதிரி.

இரவு இன்னிஸ் செய்தி அனுப்பினான்:
‘அந்தப் பகுதி வேண்டாம், எடுத்துவிடு.’
பத்து நிமிடம் கழித்து: ‘இரு.’
பிறகு ஒன்றும் வரவில்லை.

வெட்டியதை எடுத்துத் திரும்ப ஒட்டினேன்.
பத்தொன்பது நொடி.
உள்ளே கோட்டுச் சட்டை உரசும் ஒலி:
இன்னிஸ் கையைச் சுருட்டி மேலே விடுகிறானா,
இழுத்து மூடுகிறானா, தெரியவில்லை.
பன்னிரண்டாம் நொடியில் ரயில் வருகிறது,
பாலம் முழுக்க ஓடுகிறது.
யாரும் அதற்காக நிறுத்தவில்லை,
நிறுத்த ஏதுமில்லை.

கடைசியில் ஹெஸ்டரின் குரல்:
‘ஹலோ? இருக்கிறீர்களா, இல்லை
லைன் போய்விட்டதா?’