முந்தைய அளவு, இப்போதைய அளவு

பத்தொன்பது வருஷமாக
வீடு வீடாய் மீட்டர் பார்க்கிறேன்.
மஞ்சக்குப்பம், செம்மண்டலம், வண்ணாரப்பாளையம்.
எந்த வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டிருப்பார்கள்,
எந்தப் பெட்டிக்குள் பல்லி முட்டையிடும்
என்பது வரை தெரியும்.
என் தொழிலில் எண் ஏறும். ஏறத்தான் செய்யும்.
இறங்கினால் மீட்டர் பழுது,
இல்லையென்றால் திருட்டு.

ஐப்பசியில் என் ரத்தத்தின் முதல் ரீடிங்:
வெள்ளை அணு
ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம்.
லேப் தேவசகாயம் மிஷினை நம்பாமல்
இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தாராம்.
நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கோரிமேட்டில் டாக்டர் மிருணாளினி
சீட்டின் பின்பக்கம் இரண்டு கோடு போட்டார்.
ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவதும்
நுனியை மாற்றிக்கொண்டுவிட்டனவாம்.
"ஒயர் மாறிப்போச்சு" என்றேன்.
பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.
"ஆமா. அணையாத சுவிட்சு ஒண்ணு.
மாத்திரை அது மேல விரலை வச்சு அழுத்திக்கிட்டே இருக்கும்.
எடுத்தா மறுபடி எரியும்."

தினம் ஒன்று. சாப்பாட்டோடு, சொம்பு நிறையத் தண்ணீரோடு.
விடிந்தால் கண்ணுக்குக் கீழே நீர் கோத்திருக்கும்.
நடு ராத்திரி கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும்;
பூவராகன் பாதித் தூக்கத்தில்
சில நேரம் தவறான காலை நீவிவிடுவார்.

இரண்டாம் வாரம் எழுபத்தோராயிரம்.
நாலாம் வாரம் ஒன்பதாயிரத்து நானூறு.
அன்றைக்கு வீட்டில் கேசரி.
ஆறாம் வாரம் இரண்டாயிரத்து அறுநூறு.
தட்டணு எழுபத்தெட்டாயிரம்.
எச் நின்ற இடத்திலெல்லாம் எல்.

டாக்டர் மொத்தத்தைப் பார்க்கவில்லை.
நியூட்ரோபில் என்ற வரியைச் சுழித்தார். ஆயிரத்து இருநூறு.
"ஆயிரத்துக்குக் கீழ போனா நிறுத்திவைக்கலாம்.
நாங்க சொல்லணும். நீங்களா கூடாது."
வரிசையில் பரங்கிப்பேட்டை ஜுலைகா பீவி சொன்னாள்:
"எனக்கும் வத்திச்சு. அப்புறம் ஊறிச்சு."

கேட்டுக்கொண்டேன்.
ஆனால் பஸ் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள்
கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்:
வாரத்துக்கு இவ்வளவு குறைந்தால்
எந்த வாரம் பூஜ்யம்?
கிருமாம்பாக்கத்தில் ஒரு விடை,
முள்ளோடையில் அதைவிடக் கிட்டத்தில் இன்னொன்று.
எங்கோ கசிகிறது என்று தோன்றியது.
அன்றிரவு மாத்திரையைப் பிரிக்கவில்லை.
மறுநாளும்.
ஐந்து நாள்.

எட்டாம் வாரம் நாலாயிரத்து நூறு.
ஒரு லைனைச் சரிசெய்ய
தெரு முழுக்க ஷட்டவுன் போடுவோமே,
அதுதான் இது என்று அப்போதுதான் உறைத்தது.
முதலில் அடங்குவது கெட்டது.
நல்லது கண் விழிக்க நாளாகும்.
அந்த இருட்டுக்குப் பயந்து
வேலை முடியுமுன் நானே ஃபியூஸைப் பிடுங்கியிருக்கிறேன்.

தையில் வேறொரு பரிசோதனை.
இது அணுக்களை எண்ணுவதில்லை,
அந்த மாறிப்போன ஒயரின் தடத்தையே தேடுமாம்.
மூன்றாம் மாதம் பத்து சதவீதத்துக்குள் வர வேண்டும்.
எனக்குப் பதினொன்று புள்ளி ஆறு.
"தோல்வின்னு எழுத மாட்டேன்," என்றார்.
"ஒரு ரீடிங்கை வச்சு எதையும் சொல்ல முடியாது.
மறுபடி எடுப்போம்.
மாத்திரை ஏதாவது விட்டீங்களா?"

கதவு பூட்டிய வீடுகளுக்கு
சராசரி போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன், எத்தனையோ தடவை.
"தினமும் போடறேன்" என்பது
நாக்கின் நுனியில் நின்றது.
"அஞ்சு நாள்," என்றேன்.
அவர் திட்டவில்லை. தேதி கேட்டார்.
எழுதிக்கொண்டார்.

பீரோக் கதவின் உள்பக்கம்
ஒரு வெள்ளை அட்டை தொங்குகிறது,
ஆபீசில் கேட்டு வாங்கிவந்தது.
தேதி. முந்தைய அளவு. இப்போதைய அளவு.
அந்த ஐந்து நாளுக்கு எதிரே 'டோர் லாக்'.
கடைசி வரியில் மாசி பதினெட்டு என்று மட்டும்.
பூவராகன் எட்டிப் பார்த்து,
"இறங்கினா நல்லதா, ஏறினா நல்லதா?" என்கிறார்.
எந்த வரியைக் கேட்கிறீர்கள் என்றேன்.