கருமபீடம் இலக்கம் இரண்டு

வவுனியா மேல் நீதிமன்றில்
மேன்முறையீட்டு மனுக்களை வாங்குகிற கை என்னுடையது.
திருப்பிக் கொடுக்கிற கையும்.

கமலாவதி வந்தது ஒரு செவ்வாய்.
நெடுங்கேணி முதல் பஸ். தலைமயிரில் இன்னும் கிரவல் புழுதி.
பொலித்தீன் பைக்குள் நீதிவானின் கட்டளைப் பிரதி,
குற்றப்பணம் கட்டிய பற்றுச்சீட்டு:
ரூபா ஆயிரத்து ஐந்நூறு.
ஒதுக்கக் காட்டில் வெட்டிய தடி, ஏழு.

"கட்டின காசு போகட்டும் தம்பி.
கள்ளி எண்டு எழுதினதை அழிக்க வேணும்."

வழக்கேட்டைப் புரட்டினேன்.
'எதிரி குற்றத்தை ஏற்றுக்கொண்டார்.'
இந்த வரி இருக்கிற வழக்கு
எங்கள் படியில் ஏறாது.

"ஏன் ஒத்துக்கொண்டனீங்கள்?"

"ஆர் ஒத்துக்கொண்டது?
மேல காத்தாடி கடகடவெண்டு சுத்துது,
பின்னால கசிப்பு வழக்குக்காரர் முப்பது பேர்.
கூண்டில ஏத்திப்போட்டு
சுற்றவாளியோ குற்றவாளியோ எண்டு கேட்டவை.
காட்டில சுத்தினனியோ எண்டுதான் எனக்கு விளங்கினது.
மாட்டைக் காணேல்ல, சுத்தினனான்தானே.
ஓம் எண்டன்."

எந்தச் சொல்லுக்கு ஓம் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
எழுதியவர் கடைசியாகக் காதில் விழுந்ததை எழுதினார்.
பதினொரு மணிக்குள் நாற்பது வழக்கென்றால்
நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

சட்டத்தின் தமிழ்
ஓர் எழுத்தை நடுவில் நட்டு
இரண்டு சாதி மனிதரைப் பிரித்து வைத்திருக்கிறது.
எல்லைக்கல் கூட அதைவிடப் பெரிசு.

அதே நேரம் உள்ளே
கொலை வழக்கொன்றில் விளக்கம் நடக்கிறது.
தூக்குத் தண்டனை வாசிக்கத் தெரிந்த கதிரை அது.
ஏழு தடியை வாசிக்க அதற்கு நியாயாதிக்கம் இல்லை.
சின்னத் தண்டம், ஒப்புக்கொண்ட வாய்:
கதவுக்கு இரண்டு பூட்டு.

மீளாய்வு என்று ஒரு பின்வாசல் உண்டு என்றேன்.
அதற்குச் சட்டத்தரணி வேண்டும்.
எவ்வளவு முடியும் என்றார். சொன்னேன்.

"அந்தக் காசுக்கு ஒரு லோட் தடி இறக்கலாமே"
என்று பெரிதாகச் சிரித்தார்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சிரிக்கக்கூடாது.
முத்திரையை எடுத்தேன். மை காய்ந்திருந்தது,
இரண்டு தரம் குத்தவேண்டி வந்தது.

"மாடு?" என்று கேட்டேன், ஏனென்று தெரியாமல்.

"அது அண்டைக்குப் பின்னேரமே தானாய் வந்திட்டுது."

மத்தியானம் சாப்பாட்டுக்கு இறங்கியபோது
பஸ் நிலையத்தில் கண்டேன்.
நடத்துநர் மிதிபலகையில் தொங்கியபடி
புளியங்குளமோ நெடுங்கேணியோ என்று கேட்க
ஓம் என்று ஏறினார்.
அவன் விடவில்லை.
"ஓம் எண்டா எது அம்மா,
வடிவாச் சொல்லுங்கோ" என்று
இறங்கி வந்து
திரும்பவும் கேட்டான்.