அறுபத்திரண்டு, எழுபத்தாறு

அம்பாசமுத்திரம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா நான்.
பழைய சட்டப் புத்தகங்களுக்கு அட்டை போடுவதும் என் பாடுதான்.
எழுபத்தாறாம் வருஷத்துக் கட்டு
கையில் எடுத்தால் கனக்கும்.
எதிர்த்துப் பேச ஆளில்லாத வீட்டில்
எல்லாம் மளமளவென்று நடக்கும்.

பத்தொன்பதாம் எண்: கொத்தடிமை ஒழிந்தது.
என் தாய்மாமன் உச்சினிமாகாளி
அன்றைக்கும் விடியுமுன்னே
பாப்பாக்குடிப் பண்ணையில் தொழுவம் கூட்டினார்.
ஒழிந்த சேதி அவருக்கு வந்துசேரப்
பதினோரு வருஷம்.
அதுவும் ஒரு தேர்தல் மேடையில்,
மைக் கரகரத்ததில் பாதிதான் காதில் விழுந்ததாம்.
"அப்பம் நான் இத்தன நாளு
சும்மாவாலே போனேன்?" என்றார்.
மறுநாளும் போனார்.
மாடு பட்டினி கிடக்குமே.

இருபத்தைந்து: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி.
நடவுக்குப் போகிற எவளிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்,
நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அறுபத்திரண்டுதான்
எங்கள் வீட்டு நிலைப்படி தாண்டி வந்த சட்டம்.
முக்கூடலில் பீடி சுற்றிய என் அம்மை பேராச்சிக்கு
ஓர் அட்டை, அதில் ஒரு போட்டோ.
கண்ணைச் சிமிட்டாதே என்று ஸ்டூடியோக்காரர் அதட்டியதில்
இன்னமும் முறைத்துக்கொண்டிருக்கிறாள்.
பீடியிலிருந்து பைசா பைசாவாகப் பிடித்த வரி
எங்கெங்கோ சுற்றி
என் பள்ளிக்கூடத்துக்கு ஸ்காலர்ஷிப்பாக வந்தது.
அம்மையின் இருமலுக்குச் சிவப்புத் தண்ணி மருந்தாகவும்.
இருமலும் அதே பீடி கொடுத்ததுதான்.
கணக்கு நேர்.

இப்போது அப்பா.
அவருக்கு எண் இல்லை.
பொருளடக்கம், அட்டவணை, திருத்தங்கள், அடிக்குறிப்பு
எல்லாவற்றிலும் தேடிவிட்டேன்.
அதற்கென்று சட்டமே போடவில்லை.
மேலேயிருந்து ஓர் இலக்கம் வந்தது,
இந்த மாதத்துக்குள் இத்தனை பேர் என்று.
மாசானமுத்து ஆலங்குளம் சந்தைக்கு
வெங்காயம் கொண்டு போனவர்.
மூட்டை வண்டியிலேயே இருந்தது,
ஆளை ஜீப் ஏற்றிக்கொண்டது.
மறுநாள் சாயங்காலம்
காலை அகட்டி வைத்து நடந்து வந்தார்,
மடியில் கொஞ்சம் ரூபாய், கையில் ஒரு பச்சை வாளி.
எனக்கு அப்போது எட்டு மாசம்.

அந்த வாளியில்தான் அம்மை இலை நனைத்தாள்.
விளிம்பு வெடித்து, கம்பி போட்டுக் கட்டி,
நான் பத்தாவது முடிக்கிறவரை கிடந்தது.
அப்பா அதில் ஒரு தடவைகூட
தண்ணீர் மொண்டு நான் பார்த்ததில்லை.
"தங்கச்சி வேணும்னு மண்ணுல பொரண்டு அழுவ" என்பாள் அம்மை.
அழுத ஞாபகம் எனக்கு இல்லை.

வேறொரு வரி வந்து, பீடி வரியை எடுத்துவிட்டார்கள்.
ஆஸ்பத்திரியில் பாதி நாள்
"வெளிய வாங்கிக்கோங்க" சீட்டு.
போன வாரம் பென்ஷனுக்கு அம்மை விரல் வைத்தாள்.
மிஷின் ஏற்கவில்லை.
ஐம்பது வருஷ இலை
ரேகையைத் தின்றிருந்தது.
கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல், மறுபடி கட்டைவிரல்,
கடைசியில் இடக்கைச் சுண்டுவிரலுக்குப்
பச்சை விளக்கு எரிந்தது.
"ஒத்த வெரலாவது மிச்சம் கெடக்கே" என்று சிரித்தாள்.

படிவத்தில் பிள்ளைகள் பெயருக்கு
நான்கு வரிசை விட்டிருந்தார்கள்.
முதலாவதில் என் பெயரை எழுதினேன்.
"மத்தத வெறுமனே விடக்கூடாது சார், அடிச்சிருங்க"
என்றது கவுண்டர் பிள்ளை.

அது சட்டமா, உத்தரவா
என்று கேட்க வாயெடுத்தேன்.
பின்னால் வரிசை நீளம்.
மூன்றையும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தேன்.
ஸ்கேல் இல்லை,
கோடு கொஞ்சம் கோணிவிட்டது.