திங்கள், புதன், சனி

நெடுந்தீவுக்கு மேற்கே, இரவு பத்தரைக்கு,
விளக்குகள் வந்தன.
எண்ணத் தொடங்கிய அருளப்பு
எழுபதில் விட்டுவிட்டான்.

எங்களிடம் நாலு வள்ளம், ஒரு ரோச் லைற்.
வலைக்கு இன்னும் பதினொரு தவணை கட்டவேண்டும்.
தீவைக் காப்பது இவ்வளவும்தான்.

துவக்கு இல்லை அவர்களிடம்,
கொடி நடுகிற எண்ணமும் இல்லை.
இழுவைமடியை இறக்கி
கடலின் அடியைச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள்
பாயைச் சுருட்டுவதுபோல,
படுத்திருக்கிற பிள்ளைகளோடு.

றெஜினோல்ட் கல்லை எடுத்தான்.
நான் வெளிச்சத்தை உயர்த்தினேன்.
அணியத்தில் நின்றவன் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினான்:
"அண்ணே, வலையத் தூக்கிக்கங்க, திருப்ப முடியாது!"

தமிழ்.
எங்கள் வலையை அறுத்துக்கொண்டு வந்த தமிழ்.

தொண்ணூறில், மண்டபம் முகாமில் பிறந்தவன் றெஜினோல்ட்.
தாய்க்குப் பால் சுரக்காத மூன்று நாளும்
கரையிலிருந்து ஒரு மீன்காரி வந்து
முலை கொடுத்துவிட்டுப் போனாளாம்.
பெயர் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மிதவைகள் ஒவ்வொன்றாய்த் தாழ்ந்தன.
கல் கையிலேயே இருந்தது.

விடிய, வெறுங்கயிற்றைச் சுற்றினோம்.
அவன் கல்லைக் கடலில் போடவில்லை,
வள்ளத்துக்குள் சாக்கின்கீழ் வைத்தான்.

நாளைக்குப் புதன்.