மூன்று பிக்சல்

ஔலு நகரில் பிற்பகல் மூன்றுக்கே இருட்டிவிட்டது.
தூலிக்கி இரண்டு திரைகளை அருகருகே வைத்திருக்கிறாள்.
ஒரே பக்கம்தான், பேருந்து நேர அட்டவணை.
வரைந்தவை இரண்டு உலாவி எஞ்சின்கள்.
இடத்திரையில் எட்டாம் எண் பேருந்து
தன் கட்டத்துக்குள் ஒழுங்காய் நிற்கிறது.
வலத்திரையில் மூன்று பிக்சல் சறுக்கி
அடுத்த வரியின் தலையில் ஏறி நிற்கிறது.
விதிநூல் ஒன்றுதான்.
வாசித்தவர்கள்தான் இரண்டு பேர்.

"சின்னது வேகம்" என்கிறார் ரௌனோ.
"பெரியதை லினக்ஸ், விண்டோஸ், மேக்
எங்கே இறக்கினாலும் பிழைத்துக்கொள்ளும்.
உள்ளே ஒரு கூறு மற்றதைக் கேட்கும்:
எனக்கு நீ யாராக இருக்க முடியும்?
அத்தனை மரியாதை, அதனால்தான் அத்தனை தாமதம்."

அந்தக் கேள்வி தூலிக்கிக்குப் பிடிக்கும்.
கணக்குதான் பிடிக்காது.
தன்னைப் பிடித்திருக்கும் கைகளை
ஒவ்வொரு கூறும் எண்ணிக்கொண்டே இருக்கும்,
கடைசிக் கை விட்டதும் தானே அழியும்.
நேற்றிரவு இரண்டு கூறுகள்
ஒன்றையொன்று பிடித்தபடி கிடந்தன.
வேறு யாருக்கும் அவை வேண்டியிருக்கவில்லை,
ஆனாலும் கணக்கு
ஒன்றுக்குக் கீழே இறங்கவில்லை.
விடியும்வரை நினைவகம் கசிந்தது.
ரௌனோ அதைப் பிழை என்று பதிந்தார்.
அவள் பிரித்துவிட்டாள்,
குறிப்பு எதுவும் எழுதவில்லை.

சின்னதா பெரியதா,
நாளை ஒன்பதுக்குள் நகராட்சிக்குச் சொல்ல வேண்டும்.

கோட்டு, கையுறை, கதவுப் பூட்டு.
நிறுத்தத்தில் கணுக்கால்வரை பனி.
எட்டாம் எண் வந்தது,
கோட்டைத் தாண்டி ஒரு முழம் தள்ளி நின்றது.
காத்திருந்த நால்வரும்
ஒன்றும் சொல்லாமல்
அந்த ஒரு முழத்தை நடந்தார்கள்.